டின்லி பார்க் துணிக்கடைக் கொலைகள் (2008): தெரிந்ததை வைத்து மட்டும் பேசலாமா?

#1 கோடம்பாக்கம் கோப்பு

போன இழை, குற்றவாளியோட பின்னல்ல இருந்ததாச் சொல்ற பச்சை மணி பத்தின சண்டையிலேயே நாசமாப் போச்சு. அதனால புது இழை. முதல்ல நிச்சயமான விஷயங்கள்.

2008 பிப்ரவரி 2, சனிக்கிழமை. சிகாகோவுக்குத் தென்மேற்கே டின்லி பார்க் என்ற புறநகர். 191ஆம் தெருவும் ஹார்லெம் அவென்யூவும் சந்திக்கிற இடத்தில் புரூக்சைடு மார்க்கெட்பிளேஸ் என்ற கடைத்தொகுப்பு. அதில் லேன் பிரையன்ட் என்ற பெண்கள் உடைக் கடை. காலை 10 மணி வாக்கில் சரக்கு டெலிவரி செய்ய வந்தவன் போல ஒருவன் உள்ளே வந்தான். பிறகு துப்பாக்கியை எடுத்தான். கடை மேலாளர், பகுதிநேர ஊழியர் ஒருவர், வாடிக்கையாளர் நாலு பேர், ஆக ஆறு பெண்கள். ஆறு பேரையும் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டுபோய் டக்ட் டேப்பால் கட்டினான். மேலாளர் ஒளித்து வைத்திருந்த போனில் அவசர எண் 911ஐக் கூப்பிட்டபோது மணி 10:44. சில நிமிடத்தில் போலீஸ் உள்ளே வந்துவிட்டது. அவன் போய்விட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். ஊழியர் கழுத்தில் காயத்தோடு பிழைத்தார்.

கடைக்குள் கேமரா கிடையாது. துப்பாக்கி .40 காலிபர். தகவலுக்கு 1 லட்சம் டாலர் வெகுமதி இருக்கு. வழக்கு இன்னும் திறந்தே இருக்கு.

விதி ஒண்ணே ஒண்ணுதான்: யாருடைய பெயரையும் போடக்கூடாது. இறந்தவர்கள் பெயரும் வேண்டாம், சந்தேகப் பெயர் வேண்டவே வேண்டாம். போட்டால் மட்டுறுத்துநர் பதிவைத் தூக்குவார்.

#2 அண்ணாநகர் அனு

நம்ம ஊர்க்காரங்க பண்ற முதல் தப்பு, இதை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாதிரி கற்பனை பண்றது. அது மூடின மால் இல்லை. ஈசிஆர்ல வரிசையா ஷோரூம் இருக்குமே, அப்படி. ஒவ்வொரு கடைக்கும் வாசல் நேரா கார் நிறுத்துமிடத்துல திறக்கும். பொதுவான தாழ்வாரம் இல்லை, வாசல்ல மெட்டல் டிடெக்டரோட செக்யூரிட்டி இல்லை. பக்கத்துக் கடைக்காரனுக்கு உங்க கடையில என்ன நடக்குதுன்னு சுவரைத் தாண்டித்தான் கேட்கணும். ரங்கநாதன் தெருவுல இப்படி ஒருத்தன் நாற்பது நிமிஷம் ஆறு பேரைப் பிடிச்சு வைக்க முடியாது. அங்க முடிஞ்சது அந்த அமைப்பாலதான்.

வெளியே வந்தா பக்கத்துலயே ஐ-80 நெடுஞ்சாலை. கிழக்கே சில மைல்ல ஐ-57. பத்து நிமிஷத்துல நாலு திசையிலயும் போகலாம். அவன் உள்ளூர்க்காரன்தானான்னு இந்த வரைபடம் வச்சு முடிவு பண்ண முடியாது. ரெண்டு பக்கமும் பொருந்தும்.

#3 பாரிமுனை வக்கீல்

என் கேள்வி நேரத்தைப் பற்றியது. கொள்ளை என்றே வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை 10 மணி, கடை திறந்த நேரம். கல்லாவில் சில்லறைக்கென்று வைத்த தொகைதான் இருக்கும். நேற்றைய வசூல் வங்கிக்குப் போயிருக்கும், இல்லாவிட்டால் பெட்டகத்தில் இருக்கும். அமெரிக்காவில் துணி வாங்குபவர்கள் பெரும்பாலும் அட்டை தேய்ப்பவர்கள் வேறு. பணம்தான் நோக்கம் என்றால் மூடும் நேரத்துக்கு வந்திருப்பான். ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு நாற்பது நிமிடம் ஏன்?

இதை வைத்துத்தான் “யாரையோ குறிவைத்து வந்தான்” என்று ஒரு கூட்டம் கிளம்புகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் வெளியே இல்லை. போலீஸ் ஆரம்பத்திலிருந்தே கொள்ளை முயற்சி என்றுதான் சொல்லிவருகிறது. நேரம் உதைக்கிறது என்பதற்காக நோக்கத்தை மாற்றி எழுதக்கூடாது.

#4 கோடம்பாக்கம் கோப்பு

வக்கீல் சார், நேரத்துக்கு எளிமையான விளக்கம் ஒண்ணு இருக்கு. திறக்கிற நேரத்துக்கு வந்தா ஊழியர் ரெண்டு பேர்தான் இருப்பாங்கன்னு கணக்குப் போட்டு வந்திருக்கலாம். டெலிவரி வேஷமும் அதுக்குத்தான் பொருந்துது, காலையில சரக்கு வர்றது சகஜம். ஆனா வாசல் திறந்தே இருந்தா வாடிக்கையாளர் ஒவ்வொருத்தரா வந்துக்கிட்டே இருப்பாங்க. ஒவ்வொருத்தர் வரும்போதும் அவன் கல்லாவை விட்டுட்டு இன்னொரு ஆளைப் பிடிச்சு, பின்னாடி கொண்டுபோய்க் கட்டணும். ரெண்டு பேருக்குப் போட்ட திட்டம் ஆறு பேர்ல வந்து நிக்குது. அப்படின்னா நாற்பது நிமிஷம்ங்கிறது திட்டம் இல்லை, திட்டம் கைநழுவிப்போன கணக்கு.

இது ஊகம்தான். ஆனா எதையும் புதுசா கண்டுபிடிச்சுச் சேர்க்காத ஊகம்.

#5 மயிலை மைக்ராஸ்கோப்

கோப்பு சொல்ற “ஒவ்வொருத்தரா வந்தாங்க” விஷயத்தை ஊகமா விட வேண்டியதில்லை. டேப்பே அதைச் சொல்லும். இந்த வழக்குல எல்லாரும் முகத்தையும் முடியையுமே பார்க்கிறாங்க. ஆய்வகத்துல இருக்கிறவங்க முதல்ல கேட்கிறது டேப்பைத்தான்.

டக்ட் டேப்னா மூணு அடுக்கு. மேலே பாலிஎத்திலீன் படலம், நடுவுல பருத்தி அல்லது பாலியஸ்டர் வலைத்துணி, அடியில ரப்பர் பசை. அகலம் வழக்கமா 48 மி.மீ. வாக்கில் இருக்கும். கையால கிழிச்சா நூல் ஒவ்வொண்ணும் வேற வேற நீளத்துல அறும், படலம் இழுபட்டு வளையும். அந்த விளிம்பை இன்னொரு துண்டோட விளிம்புக்கு எதிரே வச்சு நூலுக்கு நூல் பொருத்தலாம். இதுக்கு விளிம்புப் பொருத்தம்னு பேர். டேப் ஆய்வுல இதைவிட வலுவான முடிவு கிடையாது.

வரிசை இப்படி: ரோல்ல இருந்து முதல் துண்டைக் கிழிக்கிறான். அதோட கடைசி விளிம்பு, ரெண்டாவது துண்டோட முதல் விளிம்புக்குப் பொருந்தும். ரெண்டாவதோட கடைசி, மூணாவதோட முதல். இப்படி எல்லாத் துண்டையும் சங்கிலியாக் கோத்தா யாரை முதல்ல கட்டினான், யாரைக் கடைசியில கட்டினான்னு வந்துடும். நடுவுல சங்கிலி அறுந்தா, இடையில ஒரு துண்டு காணாமப் போச்சு, இல்லேன்னா ரெண்டாவது ரோல் வந்துச்சுன்னு அர்த்தம்.

கெடுறது எங்கேன்னா, காப்பாத்த வர்றவங்க கையில. ஆம்புலன்ஸ்காரர் கட்டை அவிழ்க்கத்தான் பார்ப்பார். உயிருக்கு முன்னாடி சாட்சியம் பெருசில்லை, அது சரிதான். இறந்தவங்க உடம்புல இருக்கிற டேப்பை மட்டும் கிழிஞ்ச விளிம்பைத் தொடாம, நடுவுல கத்தரிக்கோலால வெட்டணும். வெட்டின இடத்துல கலர் நூல் கட்டி “இது நாங்க வெட்டினது”ன்னு குறிக்கணும். இதை மறந்தா பின்னாடி பார்க்கிறவருக்கு எது குற்றவாளி கிழிச்சது, எது ஆஸ்பத்திரியில வெட்டினதுன்னு புரியாது.

அப்புறம் டேப்பைக் கசக்கிப் பிளாஸ்டிக் பைக்குள்ள போடுறது இருக்கே, கொடுமை. பசை பசையோட ஒட்டிக்கும், உள்ளே இருக்கிற ரேகை போச்சு. சிலிக்கான் தடவின தாள்லயோ அசிட்டேட் தாள்லயோ லேசா ஒட்டி, அட்டைப் பெட்டியில வைக்கணும். ஒட்டிப்போனதைப் பிரிக்கணும்னா குளிர்விக்கணும். உறைஞ்சா பசை பிடிப்பை விட்டுடும்.

#6 புளியந்தோப்பு புதுசு

மேடம், பசைப் பக்கம் ரேகை கிடைக்குமா? கையுறை போட்டிருந்தா?

#7 மயிலை மைக்ராஸ்கோப்

கிடைக்கும். பசைப் பக்கத்துக்கு சாதாரணப் பவுடர் போடக்கூடாது, எல்லா இடத்திலேயும் ஒட்டிக்கிட்டுக் கருப்பாயிடும். ஜென்ஷியன் வயலட் கரைசல்ல முக்கி எடுத்துத் தண்ணியில அலசுவாங்க, இல்லேன்னா சோப்புக் கரைசல்ல குழைச்ச ஈரப் பவுடரை பிரஷ்ல தடவி அலசுவாங்க. தோலோட எண்ணெயும் செதிலும் சாயத்தைப் பிடிச்சுக்கும். டேப் கருப்பா இருந்தா ஊதா தெரியாது, அப்போ வெள்ளைப் பவுடர்.

கையுறை போட்டுக்கிட்டு டேப் நுனியைக் கிளப்பிப் பாருங்க. கையுறையே ஒட்டிக்கும். எரிச்சல்ல பல பேர் ஒரு கையுறையைக் கழட்டிடுவாங்க, இல்லேன்னா பல்லால கடிச்சு இழுப்பாங்க. பல்லால கடிச்சா எச்சில். அதனாலதான் டிஎன்ஏவுக்கு முதல்ல தேய்ச்சு எடுக்கிறது கிழிஞ்ச நுனியிலும், அதை ஒட்டின ஒரு அங்குலத்திலும். சாயம் பிறகு. முறை மாறினா சாயக் குளியல்லயே டிஎன்ஏ போயிடும்.

#8 பாரிமுனை வக்கீல்

மேடம், ஒரு குறுக்கு விசாரணை. யாரை முதலில் கட்டினான் என்பதைப் பிழைத்தவரே சொல்லியிருப்பாரே. டேப் சங்கிலி அவர் சொல்வதை உறுதிப்படுத்தும், அவ்வளவுதான். ஆளைக் காட்டாது.

#9 மயிலை மைக்ராஸ்கோப்

ஒத்துக்கிறேன் வக்கீல் சார். வரிசை ஆளைக் காட்டாது. சங்கிலியோட கடைசி விளிம்புதான் காட்டும், ஏன்னா அதுக்குப் பொருந்துற மறுபாதி ரோல்ல இருக்கு. ரோல் அவன்கிட்ட இருந்தது. அதுக்கு மேல அவன் ஒரு துண்டு கிழிச்சாலும் அந்த மறுபாதி அந்தத் துண்டோட போயிடும். அப்போ மிஞ்சுறது தயாரிப்பு ஒப்பீடுதான்: அங்குலத்துக்கு எத்தனை நூல், படலத்தோட தடிமன், பசையோட அகச்சிவப்பு நிறமாலை. அது “இந்த மாதிரி டேப்”னு சொல்லும், “இந்த ரோல்”னு சொல்லாது. கோர்ட்ல ரெண்டும் ஒண்ணுன்னு யாராவது சொன்னா விடாதீங்க.

#10 தோட்டா தாமு

டேப் முடிஞ்சுதா? துப்பாக்கிக்கு வரேன்.

.40 காலிபர்னா குண்டோட விட்டம் 10 மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். வழக்கமான எடை 155, 165, 180 கிரெயின். 180 கிரெயின்னா 11.7 கிராம் வாக்கில். அந்தக் காலத்துல அமெரிக்க போலீஸ் இலாகாக்கள்ல பல இடத்துல இந்தத் தோட்டாதான், அதனால தோட்டாவை மட்டும் வச்சு எதுவும் சுருங்காது.

நம்ம ஆளுங்க “குண்டை ஒப்பிட்டாச்சா”ன்னே கேட்கிறாங்க. கிளாக் வகை பிஸ்டலா இருந்தா குண்டு ஒப்பீடு திண்டாட்டம். சாதாரணக் குழல்ல கூர்மையான வரிப்பள்ளம் இருக்கும், குண்டுல தெளிவாக் கீறல் விழும். அந்தக் கால கிளாக் குழல்ல விளிம்பு மழுங்கின அறுகோணம். கீறல் சரியா விழாது. ஆனா சுட்டதும் வெளியே விழுற தோட்டா உறை பேசும். கிளாக்கோட சுடுமுள் நீள்வட்டத் தடம் விடும், அது வெளிவர்ற துளை செவ்வகம். அந்தச் செவ்வக விளிம்பு, உறையோட அடியில சுடுமுள் குத்துற பிரைமர் மூடியைச் சுரண்டிட்டுப் போகும். பார்த்த உடனே வகை தெரியும். வேற சில மாடலும் இதே மாதிரி தடம் விடும்கிறதால வகையோட நிறுத்தக்கூடாது, ஒப்பீட்டு நுண்ணோக்கியில நுண்கீறல் பார்த்துத்தான் தனித் துப்பாக்கிக்குப் போகணும்.

அங்கே நிபின்னு ஒரு வலைப்பின்னல் இருக்கு. சம்பவ இடத்து உறையையும், பிடிபட்ட துப்பாக்கியில சோதனைக்குச் சுட்ட உறையையும் படமெடுத்து ஏத்துவாங்க. கம்ப்யூட்டர் “இதெல்லாம் பக்கத்துல வருது”ன்னு ஒரு பட்டியல் கொடுக்கும். முடிவைச் சொல்றது மனுஷக் கண்ணுதான். பிடிபடாத துப்பாக்கி அதுல இருக்காது. கடையில புதுசா விக்கிற துப்பாக்கியோட மாதிரியும் தானா ஏறாது. அதனால “கம்ப்யூட்டர்ல போட்டா ஓனர் பேர் வந்துடும்”ங்கிறது சினிமா.

#11 புளியந்தோப்பு புதுசு

அப்போ 2008ல பொருந்தலேன்னா அவ்வளவுதானா?

#12 தோட்டா தாமு

இல்லை தம்பி. டெக்சாஸ் ஆஸ்டின்ல 1991 டிசம்பர் 6, தயிர்க்கடை வழக்கு. உறைய வச்ச யோகர்ட் விக்கிற கடை, நாலு சிறுமிகள் கொலை, கடைக்குத் தீ. ஒப்புதல் வாக்குமூலத்தை வச்சு ரெண்டு பேருக்குத் தண்டனை கொடுத்தாங்க. டிஎன்ஏ பொருந்தலைன்னு 2009ல வழக்கைக் கைவிட்டாங்க. கடையோட தரைச் சாக்கடைத் துளைக்குள்ள ஒரு .380 உறை கிடைச்சிருந்தது. அதைத் திரும்ப நிபின்ல ஏத்தினதும், ஆண்வழி டிஎன்ஏவும் சேர்ந்துதான் 1999லயே செத்துப்போன ஒருத்தன்கிட்ட கொண்டுபோய் விட்டுச்சு. ஆஸ்டின் போலீஸ் அதை 2025 செப்டம்பர்ல அறிவிச்சுது. முப்பத்தி நாலு வருஷம்.

ஒரு தடவை தேடிப் பொருந்தலைன்னா, அன்னைக்கு இருந்த படத் தரத்துல, அன்னைக்கு ஏறியிருந்த மாதிரிகளோட பொருந்தலைன்னு மட்டும்தான் அர்த்தம். பழைய உறையைப் புது கருவியில திரும்பப் படமெடுத்து ஏத்தணும். இந்த வழக்கைப் பத்தி யாராவது கேட்க வேண்டிய கேள்வி இருக்குன்னா அது இதுதான்: கடைசியா எப்போ திரும்ப ஏத்தினாங்க?

#13 வண்ணாரப்பேட்டை வாசு

நம்ம பக்கம் நடந்திருந்தா இந்தப் பேச்சே இல்லை. இங்க பிடிபடுறது பாதி நாட்டுத் துப்பாக்கி, குழல் வெறும் பைப், வரிப்பள்ளமே கிடையாது. அதுக்கு முன்னாடி அரிவாள்தான் வரும்.

#14 தோட்டா தாமு

வாசு, பைப்பா இருந்தாலும் சுடுமுள் தடம் விழும். ஆணியைத் தேய்ச்சுச் செஞ்ச முள்ளுன்னா இன்னும் நல்லது, அந்த மாதிரி கோணல் உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கும்.

#15 ரிச்சி தெரு ரமணி

கேமரா இல்லேன்னு எல்லாரும் தலையில அடிச்சுக்கிறாங்க. கடைக்குள்ள இல்லை, சரி. “பக்கத்துக் கடை வெளிக் கேமராவைப் பெருசாக்கி நம்பர் பிளேட் பார்த்திருக்கலாமே”ன்னு போன இழையில நாலு பேர். கணக்குப் போட்டுக் காட்டுறேன்.

2008 அனலாக் ரெக்கார்டர் நல்ல தரத்துல வச்சா 704 பிக்சல் அகலம். வெளிக் கேமரா 20 மீட்டர் அகலத்துக்குக் கார் நிறுத்துமிடத்தைப் பார்க்குதுன்னு வைங்க. மீட்டருக்கு 35 பிக்சல். ஆள் இன்னாருன்னு அடையாளம் காண மீட்டருக்கு 250, தெரிஞ்ச ஆளை “அவர்தான்”னு சொல்ல 125, உடை நடை கவனிக்க 62, அங்க ஏதோ ஆள் இருக்குன்னு தெரிய 25. இது கேமரா பொருத்துற எல்லாரும் வச்சிருக்கிற ஐரோப்பியத் தரநிலை. 35ங்கிறது “ஆள் இருக்கு”ங்கிறதுக்குக் கொஞ்சம் மேல. அமெரிக்க நம்பர் பிளேட் அகலம் 12 அங்குலம், அதாவது 30.5 செ.மீ. 35 பிக்சல் கணக்குல மொத்தப் பிளேட்டுக்கும் 11 பிக்சல்கூட வராது. ஏழு எழுத்தை அதுல எழுதவே முடியாது, அப்புறம் எங்க படிக்கிறது? செயற்கை நுண்ணறிவு ஆப்ல போட்டா எழுத்து வரும். அது அந்த ஆப் எழுதின எழுத்து.

2016ல நுங்கம்பாக்கம் ரயில் நிலையக் கொலை ஞாபகம் இருக்கா? ஸ்டேஷன்ல கேமரா இல்லை. பக்கத்துத் தெருக் கட்டடங்கள்ல இருந்த கேமராவுலதான் ஆள் நடந்துபோறது கிடைச்சுது. உபயோகப்பட்டது முகம் இல்லை, எந்தப் பக்கம் போனான், எத்தனை மணிக்குங்கிறதுதான். டின்லி பார்க்லயும் வெளிக் காட்சி இருந்தா அதிகபட்சம் அந்த அளவுக்குத்தான்.

#16 அண்ணாநகர் அனு

ரமணி அண்ணே, நம்ம கடைகள்ல இப்போ இருக்கிற ரெக்கார்டர் எத்தனை நாள் வச்சிருக்கும்?

#17 ரிச்சி தெரு ரமணி

2 மெகாபிக்சல், எச்.264ங்கிற வீடியோ சுருக்க முறை, கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட்னு வச்சா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் 11 நாள்ல நிரம்பி, பழசு மேல எழுத ஆரம்பிச்சுடும். இன்னும் நல்லாச் சுருக்குற எச்.265 போட்டா ஏறக்குறைய ரெட்டிப்பு நாள். “ஒரு மாசம் இருக்கும் சார்”னு கடைக்காரர் சொன்னா நம்பாம மெனுவுல பழைய தேதியைத் தட்டிப் பாருங்க.

இன்னொண்ணு, நேரம். பேட்டரி போன ரெக்கார்டர்ல கடிகாரம் அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் தள்ளி ஓடும். காட்சியை எடுக்கிறவர் அந்த நிமிஷமே தன் போன் நேரத்தையும் ரெக்கார்டர் திரையையும் ஒரே படத்துல எடுத்து வைக்கணும். 10:44ங்கிற மாதிரி ஒரு உறுதியான நேரம் இருக்கிற வழக்குல, ரெக்கார்டர் 7 நிமிஷம் பிந்தி ஓடுறதைக் கவனிக்கலேன்னா, போலீஸ் வந்த பிறகு கிளம்பின காரையெல்லாம் தேடிக்கிட்டு இருப்பீங்க.

#18 பாரிமுனை வக்கீல்

அதோடு கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்புக்குக் கைரேகை போன்ற எண்) அங்கேயே குறிக்க வேண்டும். பாரதிய சாட்சிய அதிநியமம் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் அதற்கென்றே இடம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலுக்குச் சான்றிதழ் கொடுத்து மாட்டிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் கோப்பைச் சுருக்கிவிடும், ஹாஷ் மாறிவிடும், எதிர்த்தரப்புக்கு அது ஒன்றே போதும்.

#19 தி.நகர் தேடல்

நண்பர்களே, ஒரு பெரிய விஷயம். 911 பதிவுல பின்னாடி கேட்கிற ஆண் குரலை ஒரு ஆப்ல போட்டு, யூடியூப்ல இருக்கிற ஒரு சிறைக் கைதி பேட்டியோட ஒப்பிட்டேன். 91 சதவீதம் பொருந்துது. ஆள் பெயர்: [மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]

#20 கண்காணி (மட்டுறுத்துநர்)

பெயர் எடுக்கப்பட்டது. அடுத்த முறை கணக்கே எடுக்கப்படும்.

#21 ஒலிப்பெட்டி

தேடல் ப்ரோ, கோபப்படாம கேளுங்க.

போலீஸ் பின்னாளில் வெளியிட்டது ஒரு சின்னத் துண்டு. முன்னாடி மேலாளரோட கிசுகிசுப்பு, பின்னாடி தூரத்துல அவன் குரல். சில சொற்கள்தான். தொலைபேசித் தடம் 300லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், நொடிக்கு 8000 சாம்பிள். ஆண் குரலோட அடிப்படைச் சுருதி 100 ஹெர்ட்ஸ் சுத்தி இருக்கும், அது வெட்டுப்பட்டுப் போச்சு. ‘ஸ’ மாதிரி உரசொலியோட பலம் 4000க்கு மேல, அதுவும் போச்சு. நடுவுல மிஞ்சினதுல அறை எதிரொலி கலந்திருக்கு. அதை யாரோ எம்பி3 ஆக்கி, யூடியூப் இன்னொரு தடவை சுருக்கி, நீங்க அதைப் பதிவிறக்கி “சத்தம் நீக்கு” பொத்தானையும் அமுக்கியிருப்பீங்க. அந்தப் பொத்தான் சத்தத்தோட குரல் பாதியையும் கூட்டிக்கிட்டுப் போகும், மிச்சத்துல தண்ணிக்குள்ள பேசுற மாதிரி புது ஒலியைச் சேர்க்கும்.

அந்த 91ங்கிற எண்ணுக்கு அர்த்தம் வேணும்னா இன்னொரு எண் வேணும்: இதே மாதிரி கெட்டுப்போன பதிவுல, சம்பந்தமே இல்லாத ஆயிரம் பேரைப் போட்டா எத்தனை பேருக்கு 91க்கு மேல வருது? ஒரு சோதனை பண்ணுங்க. தமிழ் செய்தி வாசிக்கிற யாரோட குரலையாவது 8000 சாம்பிளுக்கு இறக்கி, தூரத்துல ஸ்பீக்கர்ல ஓட விட்டு, போன்ல பதிவு பண்ணி, அதே ஆப்ல அதே 911 துண்டோட ஒப்பிடுங்க. 80க்கு மேல வந்தா ஆச்சரியப்படாதீங்க.

#22 பாரிமுனை வக்கீல்

சட்டப்படியும் ஒன்று. குரல் மாதிரி கேட்டு வாங்க வழி இருக்கிறது. இங்கே 2019ல் ரித்தேஷ் சின்ஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம் என்றது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 349ஆம் பிரிவிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் 1973லேயே டயோனிசியோ வழக்கில், குரல் மாதிரி கேட்பது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல வைப்பதாகாது என்று தீர்ப்பானது. அது கிளம்பியதும் சிகாகோ பக்கத்து விசாரணை ஒன்றிலிருந்துதான். ஆகவே போலீசுக்கு ஒரு ஆள்மேல் நியாயமான சந்தேகம் இருந்தால் யூடியூப் பேட்டி தேவையில்லை. அதே சொற்களை, அதே வகைத் தொலைபேசி வழியாகப் பேசவைத்து எடுப்பார்கள். பேட்டியில் அவன் அந்தச் சொற்களைப் பேசவே இல்லை, எதை எதனோடு ஒப்பிட்டீர்கள்?

#23 தி.நகர் தேடல்

சரி, குரலை விட்டுடலாம். அடையாளம் இருக்கே! 5 அடி 9 அங்குலத்துல இருந்து 6 அடி, 200லிருந்து 230 பவுண்டு, அகலத் தோள், பின்னின முடி, வலது கன்னத்துப் பக்கம் தொங்கின ஒரு பின்னல்ல இளம்பச்சை மணி நாலு. இவ்வளவு துல்லியமா இருக்கும்போது தேடுறது தப்பா?

#24 மயிலை மைக்ராஸ்கோப்

துல்லியமா இருக்கிறதெல்லாம் கழட்டி வைக்கக்கூடியது. மணி, பின்னல், கோட், பின் பாக்கெட்ல வேலைப்பாடு போட்ட ஜீன்ஸ். கழட்ட முடியாததைப் பாருங்க: உயரத்துல 3 அங்குல இடைவெளி, எடையில 30 பவுண்டு இடைவெளி. சிகாகோ சுற்றுவட்டாரத்துல அந்தச் சட்டகத்துக்குள்ள எத்தனை ஆயிரம் ஆண்கள் வருவாங்க?

பிழைச்சவரோட நினைவைக் குறை சொல்றதா நினைக்காதீங்க. துப்பாக்கி முன்னாடி இருக்கும்போது கண் துப்பாக்கியிலயும், வித்தியாசமா ஆடுற ஒண்ணுலயும் நிக்கும். முகத்தோட விகிதம் மங்கும். அவர் மணியை எண்ணிச் சொன்னதே பெரிய விஷயம். அது அந்த முதல் வாரத்துக்கு, தெருவுல அப்படி ஒருத்தனைப் பார்த்தவங்களுக்குப் பயன்படுற தகவல். பதினேழு பதினெட்டு வருஷம் கழிச்சு முகநூல் படங்கள்ல பச்சை மணி தேடுறதுக்கு இல்லை.

#25 பாரிமுனை வக்கீல்

இங்கே அடையாள அணிவகுப்பு வைப்பதற்கு முன்பு சந்தேக நபரின் படம் செய்தித்தாளில் வந்துவிட்டால் அணிவகுப்பே பலவீனமாகிவிடும். சாட்சி ஆளைப் பார்த்தாரா, படத்தைப் பார்த்தாரா என்பதுதான் முதல் கேள்வி. அங்கேயும் இதே சிக்கல். ஒரே கண்சாட்சி உள்ள வழக்கில் நீங்கள் ஒரு முகத்தை ஊரெல்லாம் பரப்பினால், அவன் நிஜமான குற்றவாளியாகவே இருந்தாலும் தப்பிக்க வழி செய்து கொடுத்தவர் நீங்கள்தான். நிரபராதி என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 356, அவதூறு. நுங்கம்பாக்கம் வழக்கில் ஆள் பிடிபடுவதற்கு முன்னாலேயே இணையத்தில் ஒரு மதத்தைச் சேர்ந்தவன்தான் என்று எழுதினார்கள். பொய்யாகப் போனது.

#26 கோடம்பாக்கம் கோப்பு

அதே சிகாகோவோட இன்னொரு புறநகர்ல தீர்ந்த வழக்கு ஒண்ணைப் பக்கத்துல வச்சுப் பார்க்கலாம். பாலடைன், பிரவுன்ஸ் சிக்கன் கடை, 1993 ஜனவரி 8. ஏழு பேர் கொலை. மூடுற நேரம், குப்பைத் தொட்டியெல்லாம் காலி பண்ணியாச்சு. ஒரு தொட்டியில மட்டும் பாதி சாப்பிட்ட சிக்கன். கடைசி விற்பனை 9:08னு பில் மெஷின்ல இருக்கு. அந்தச் சிக்கனை எடுத்து உறைய வச்சாங்க, அதுல இருந்து டிஎன்ஏ எடுக்கிற அளவுக்கு அறிவியல் வளரும்னு அப்போ உறுதியே இல்லாதப்போ. எலும்புல எச்சில். பின்னாடி டிஎன்ஏ வந்தது.

ஆனா பேர் எங்கேருந்து வந்துச்சு? 2002ல கொலைகாரங்கள்ல ஒருத்தனோட பழைய தோழி வாயைத் திறந்தாங்க. அப்புறம்தான் எச்சில் பொருந்துச்சு. ஒருத்தனுக்கு 2007ல, இன்னொருத்தனுக்கு 2009ல ஆயுள்.

அங்க ரெண்டு பேர் இருந்தாங்க, ரெண்டு பேர் ரகசியம் கசியும். டின்லி பார்க்ல ஒருத்தன்தான்னு போலீஸ் சொல்லுது. அது கஷ்டம்.

#27 வண்ணாரப்பேட்டை வாசு

நம்ம ராமஜெயம் வழக்கு? 2012 மார்ச் 29, திருச்சி, நடைப்பயிற்சிக்குப் போனவர். சிபிசிஐடி, சிபிஐ, சிறப்புக் குழு எல்லாம் பார்த்தாச்சு. மயிலாப்பூர் தடய அறிவியல் துறையில 2023ல ரவுடிங்களை வரிசையா உட்கார வச்சு உண்மை கண்டறியும் சோதனை பண்ணாங்களே.

#28 பாரிமுனை வக்கீல்

2010 செல்வி வழக்குப்படி சம்மதம் இருந்தால்தான் செய்யலாம். அதன் முடிவு சாட்சியமும் ஆகாது. அதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால் அந்தப் பொருள்தான் சாட்சியம்.

#29 புளியந்தோப்பு புதுசு

2018ல கலிஃபோர்னியாவுல பரம்பரை டிஎன்ஏ வச்சு ஒரு தொடர் கொலையாளியைப் பிடிச்சாங்களே, அது இங்க ஆகாதா?

#30 மயிலை மைக்ராஸ்கோப்

ஆகும், சுத்தமான மாதிரி இருந்தா. வழக்கமான எஸ்டிஆர் சோதனைக்கு (டிஎன்ஏவுல திரும்பத் திரும்ப வர்ற சின்னத் துண்டுகளை எண்ணுறது) இருபது சொச்சம் இடம் போதும். பரம்பரைத் தேடலுக்கு லட்சக்கணக்கான எஸ்என்பி குறிகள் (டிஎன்ஏவுல ஒரே ஒரு எழுத்து ஆளுக்கு ஆள் மாறுற இடங்கள்) வேணும். டேப் நுனியில கிடைக்கிறது பெரும்பாலும் கலவை: கட்டினவன், கட்டப்பட்டவர், அவிழ்த்தவர். மூணு பேர் கலந்ததைப் பரம்பரைத் தளத்துல ஏத்தினா குடும்ப மரம் மூணும் பின்னிக்கும். கட்டப்பட்டவரோட டிஎன்ஏ ஆய்வகத்துக்குத் தெரியும்கிறதால அதைக் கழிச்சுப் பார்க்கலாம். அவிழ்த்தவர்கிட்டயும் மாதிரி வாங்கி வச்சிருக்கணும். முதல் நாளே வாங்கலேன்னா, இத்தனை வருஷம் கழிச்சு அந்த ஆம்புலன்ஸ் ஊழியரைத் தேடணும்.

மாதிரியைக் கொஞ்சம் கொஞ்சமா எல்லாச் சோதனைக்கும் கிள்ளிக் கிள்ளித் தீர்த்துடுறதும் நடக்கும். பாதியைத் தொடாம உறைய வைக்கிற ஆய்வகம்தான் நல்ல ஆய்வகம். பாலடைன் சிக்கன் மாதிரி.

#31 தி.நகர் தேடல்

சரி, ஒத்துக்கிறேன். நிஜமாவே எனக்கு ஒரு தகவல் இருந்தா என்ன பண்ணணும்? ஆப் விவகாரம் இல்லை, பொதுவாத்தான் கேட்கிறேன்.

#32 கோடம்பாக்கம் கோப்பு

டின்லி பார்க் காவல் துறைக்கு நேரா எழுதுங்க. முதல் வரியில என்ன தெரியும், ரெண்டாவது வரியில எப்படித் தெரியும். பார்த்ததா, ஒருத்தர் சொன்னதா, இணையத்துல படிச்சதா. படமோ ஒலியோ இருந்தா மூலக் கோப்பையே அனுப்புங்க, ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். சுட்டியும் எடுத்த தேதியும் போடுங்க. உங்க முடிவை எழுதாதீங்க. ஆயிரக்கணக்கான தகவலைப் படிக்கிறவருக்கு “இவன்தான் கொலைகாரன்”ங்கிற வரி எதுக்கும் உதவாது. “2008 பிப்ரவரியில் இன்னார் திடீரென்று முடியை வெட்டிக்கொண்டார், அன்று நான் அங்கே இருந்தேன்”ங்கிற வரி உதவும்.

அனுப்பின பிறகு இங்க வந்து அதைப் பத்தி எழுதாதீங்க.

#33 ஒலிப்பெட்டி

கூடவே ஒண்ணு. 911 துண்டைக் கேட்க ஆசைப்படுறவங்க, கேட்கிறதுக்கு முன்னாடி “இதில் அவன் என்ன சொல்கிறான்”னு எழுதியிருக்கிற காணொலி வசனத்தைப் படிக்காதீங்க. ஒரு தடவை படிச்சுட்டா அதுக்கப்புறம் காதுல அந்தச் சொல்தான் விழும். முதல்ல வெறும் காதால, நல்ல ஹெட்போன்ல, நாலஞ்சு தடவை கேட்டு, விழுந்ததைத் தாள்ல எழுதிட்டு, அப்புறம் மத்தவங்க எழுதினதோட வச்சுப் பாருங்க. மூணு பேர் தனித்தனியா எழுதி மூணும் ஒத்துப்போற சொல்லை மட்டும் இங்க போடுவோம். நான் எழுதி வச்சுட்டேன். இன்னும் ரெண்டு பேர் வேணும்.

#34 அண்ணாநகர் அனு

நான் ஒண்ணு. ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதி கண்காணிக்குத் தனி மடல்ல அனுப்பறேன், இங்க இல்லை.